பங்கசும் பஞ்சமும்

பயிர்நோயியல் ஆண்டுத் தொகுதியொன்றில் 1973ஆம் ஆண்டு வெளிவந்த எஸ். வை. பத்மநாபனின் 'வங்கப் பெரும்பஞ்சம்' என்னும் கட்டுரை அளவிற் சிறியது, செல்வாக்கிற் பெரியது. நுண்ணிய பங்கசொன்று மக்களைப் பட்டினிக்குத் தள்ளவல்லது என்பதற்குச் சான்றாகப் பயிர்நோய் நூல்கள் இன்றும் அதனைக் காட்டுகின்றன. நோயெதிர்ப்பு நெல்லினங்களின் தேவையை வகுப்பில் விளக்கப் புகும் ஆசிரியர்க்கும் அது நல்ல தொடக்கமாகிறது. கஹவத்தையில் நாமும் அவ்வாறே தொடங்கியதுண்டு. ஆதலின் அதனை மீளப் படித்து எடைபோடுவது நம் கடன்.

கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பணிப்பாளராயிருந்தவர் பத்மநாபன். 1942இல் வங்க வயல்களைக் கபிலப்புள்ளி நோய் எவ்வாறு சூறையாடியது என்பதை அவர் ஊகத்தால் அன்றி, ஆராய்ச்சி நிலையங்களின் விளைச்சற் கணக்கால் நிறுவுகிறார். முந்திய ஆண்டோடு ஒப்பிட, சில இனங்கள் ஏறத்தாழ முற்றாகப் பொய்த்தன. வேறு சில ஓரளவு தாங்கின. இனத்துக்கு இனம் நேர்ந்த இவ்வேறுபாடே நெல்லினப் பெருக்காளனுக்கு மூலதனம். கட்டுரையின் இப்பகுதியை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

குறை அடுத்த அடியிலேதான். ஆட்சியின் தவறுகளே மக்கள் துன்பத்துக்கு உடனடிக் காரணமென அவர் ஒப்புக்கொள்ளாமலில்லை. ஆயின் போகிற போக்கில் அதனைச் சொல்லிவிட்டு, விளைச்சற் குறைவுக்கும் அதற்குக் காரணமான வானிலைக்கும் திரும்பிவிடுகிறார். இருபது முதல் முப்பது இலட்சம் உயிர்கள் மாண்ட செய்தியை இவ்வாறு கடந்துசெல்லல் தகுமா? அதே தலைப்பில் 1981இல் தம் நூலிலே ஓர் அதிகாரம் வகுத்த அமர்த்தியா சென், 1943இன் உணவிருப்பு முந்திய ஐந்தாண்டுச் சராசரியிலும் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்தே குறைவு என்றும், பஞ்சமில்லாத 1941ஐவிட மிகுதி என்றும் கணக்கிட்டார். அக்கணக்கை மறுப்போரும் உளர். மறுப்பு முற்றிலும் சரியெனக் கொண்டாலும், மாண்டோருள் மிகப் பலர் நிலமற்ற கூலிகளும் மீனவரும் கைவினைஞரும் ஏன் என்ற வினா எஞ்சிநிற்கும். பங்கசு ஆளறிந்து கொல்வதில்லை.

இனி, எதிர்ப்பின் பரம்பரையியலைச் சற்று நோக்குவோம்; நம் பாடநூல்கள் வழுக்கும் இடமும் அதுவே. எரிபந்த நோயைத் தடுக்க நெல்லில் ஒரு பரம்பரையலகே சில வேளை போதும். 2000ஆம் ஆண்டில் பிரித்தறியப்பட்ட 'பை-டா' என்னும் அலகிலோ, எதிர்க்கும் வடிவுக்கும் எதிர்க்காத வடிவுக்கும் இடையே தீர்மானமான வேறுபாடு புரதத்தின் ஒரேயொரு அமினோவமிலமே. பூட்டும் திறவுகோலும் போன்ற இவ்வுறவிற் பங்கசு தன் பக்கத்தைச் சிறிது மாற்றிக்கொண்டால் காவல் தகர்ந்துவிடும். கொரியாவில் 1972 முதல் பரப்பப்பட்ட 'தொங்கில்' நெல் 1978இல் எரிபந்தத்துக்கு இரையானது அவ்வாறே. கபிலப்புள்ளியின் கதை வேறு. அதனை முற்றாகத் தடுக்கும் தனியலகு எதுவும் கையிலில்லை. சிறுசிறு வலுவுடைய பல அலகுகள் சேர்ந்தே ஓரளவு காக்கின்றன. அன்றியும் பொட்டாசியமும் சிலிக்காவும் குன்றிய, நீர் வற்றிய நிலத்திலேயே அது கொழுக்கிறது. ஏழையின் மண்ணைத் தேடிவரும் நோய் எனலாம். அவ்வாறாயின் அம்மண்ணை உரமின்றி வற்றவிட்டது எது என்னும் வினா நோயியலுக்குப் புறம்பானதாகுமா?

நம் ஊருக்கு வருவோம். பத்தலகொடையில் உருவான எச் 4 நெல் 1958இல் வெளியிடப்பட்டது. முருங்கக்காயன் 302இன் வழிவந்த அது (பெயரிலேயே தமிழ் மணக்கிறது) எரிபந்தத்தை எதிர்த்து நன்கு விளைந்தது, நாடெங்கும் பரவியது. எனினும் 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் உணவு விலை ஏறிப் பங்கீடு சுருங்கியபோது, இலங்கைத் தோட்டங்களில் இறப்பு வீதம் திடுமென உயர்ந்தது. பள்ளத்தாக்கில் வயல் உண்டு. லயத்து மனிதனுக்கு அதில் ஒரு பாத்தியும் இல்லை. கிராமத்தவன் மரவள்ளி நட்டான்; தோட்டத் தொழிலாளி மாவுக்காக வரிசையில் நின்றான். அவ்வாண்டுகளில் தன் பாட்டனார் ஏன் பசித்திருந்தார் என்று நம் மாணவனொருவன் கேட்டான். அன்று பத்மநாபனின் கட்டுரையைப் புரட்டிப் பார்த்தோம். சென்னின் அதிகாரத்தையும் உடன்வைத்தே விடைசொல்ல வேண்டியிருந்தது.