தொழில்: ரயில்வே

1

மருத்துவமனைப் படிவம் ஒன்றை ஒரு பிரதியாக வைத்து வாசிக்கப் போகிறேன் என்றால் நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். எம்.ஏ. தமிழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது பதவுரை சொல்லத்தான். சொல்லைப் பிரி, பொருள் காண், சொல்லாமல் விட்டதை எச்சமாக வருவி என்பார்கள். சங்கப் பாட்டுக்குச் செய்கிற இந்த மரியாதையை ஒரு மனிதனின் நோயைப் பற்றிய காகிதத்துக்கு ஏன் செய்யக்கூடாது?

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர். வயது எழுபத்தேழு. 1970இல் நீராவி எஞ்சின் ஷெட் ஒன்றில் கலாசியாகச் சேர்ந்து, பிட்டராகி, பிறகு டீசலுக்கு மாறி, 2008இல் ஓய்வு பெற்றவர். திடீரென்று மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சில் நீர் கோத்திருந்தது. பிள்ளைகள் வெளியூரில் இருப்பதால் துணைக்கு நான் போனேன். படிவம் நிரப்பிய இளைஞர் கேட்டார்: 'பீடி, சிகரெட் உண்டா?' 'இருந்துச்சு, விட்டு ரொம்ப வருஷம் ஆச்சு.' 'ஒரு நாளைக்கு எத்தனை? எத்தனை வருஷம்? எப்ப விட்டீங்க?' எல்லாவற்றுக்கும் பதில் எழுதினார். பிறகு வெற்றிலை, பிறகு குடி. கடைசியாக, 'என்ன வேலை பாத்தீங்க?' 'ரயில்வே.' எழுதிக்கொண்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த இளைஞர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் அச்சடித்த தாளை நிரப்பினார், அவ்வளவுதான். ஆனால் தாளின் இலக்கணத்தைக் கவனியுங்கள். பழக்கத்துக்கு வினைச்சொற்கள் உண்டு: பிடித்தார், குடித்தார், விட்டார். காலமும் அளவும் உண்டு. தொழிலுக்கோ ஒரே ஒரு பெயர்ச்சொல். முப்பத்தெட்டு வருட உழைப்பு வினை இல்லாத, காலம் இல்லாத ஒரு சொல்லாக அங்கே சுருண்டு கிடக்கிறது. நோய்க்கு எழுவாய் யார் என்பதைப் படிவம் கேள்வி கேட்கும் முன்பே முடிவு செய்துவிட்டது. நோயாளிதான். அவனுடைய பழக்கம்தான்.

2

'ரயில்வே' என்ற அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம்.

'பாய்லரு மேல வெள்ளையா மெத்தை கட்டியிருக்கும் தம்பி. ரிப்பேர்னா அதைப் பிச்சாத்தான் உள்ள கை வைக்க முடியும். பிச்சா பஞ்சு மாதிரி பறக்கும். நாங்க சின்னப் பசங்கதானே, அதை உருட்டி ஒருத்தன் மேல ஒருத்தன் எறிஞ்சு விளையாடுவோம்.' பெரியவர் சொன்ன இந்த வெள்ளைப் பஞ்சின் பெயர் கல்நார். ஆஸ்பெஸ்டாஸ். தமிழ்ச் சொல் எவ்வளவு துல்லியமானது பாருங்கள். பார்வைக்கு நார், உள்ளே கல். கண்ணுக்குத் தெரியாத இழைகளாகப் பிரிந்து நுரையீரலின் அடிவரை போகும். உடலின் காவல் செல்கள் அதை விழுங்கப் பார்த்துத் தோற்கும். 20 முதல் 50 வருடம் கழித்துப் புற்றாக எழும். கல்நாருக்கும் நுரையீரல் உறையில் வருகிற மீசோதீலியோமாவுக்கும் உள்ள உறவைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாக்னரும் கூட்டாளிகளும் 1960இல் எழுதினார்கள். பெரியவர் வேலையில் சேர்ந்ததற்குப் பத்து வருடம் முன்பு.

அடுத்தது டீசல் புகை. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கும்போது நிற்கிற புகை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் இதை முதல் வகுப்பில், அதாவது மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதி என்ற வகுப்பில் சேர்த்தது. அதற்கு ஆதாரமாக நின்றவற்றுள் அமெரிக்க ரயில் தொழிலாளர் ஏறத்தாழ 55 ஆயிரம் பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த கார்ஷிக் குழுவின் ஆய்வும் ஒன்று. வண்டி ஓட்டும் பணியில் இருந்தவர்களுக்கு நுரையீரல் புற்றால் சாவு சுமார் 40 சதவீதம் அதிகம் என்று 2004இல் சொன்னார்கள். புகைப்பழக்கத்தைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் 20 சதவீதத்துக்கு மேல் மிஞ்சியது. வேலை செய்த வருடங்கள் கூடக்கூட ஆபத்து படிப்படியாகக் கூடியது என்று அந்த ஆய்வு காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான்.

இன்னும் இருக்கிறது. கழுவுகிற எண்ணெய்களில் இருந்த பென்சீன். வெல்டிங் புகை, இது 2017இல் முதல் வகுப்புக்கு வந்தது. தண்டவாளத்தில் ஜல்லி கொட்டும்போது எழுகிற சிலிக்காத் தூசி, இது 1997இல். தார் எண்ணெய் ஊட்டிய கட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காரனின் பெயரோடு வருகிறது: பிட்டர், வெல்டர், கேங்மேன். 'ரயில்வே' என்ற சொல்லுக்குள் இத்தனை பேரும் மறைந்துபோகிறார்கள். அலுவலகத்தில் பயணச்சீட்டுக் கணக்கு எழுதியவரும் ரயில்வே, பாய்லர் மெத்தையைப் பிய்த்தவரும் ரயில்வே.

பீடியை நான் விடுதலை செய்யவில்லை. 1979இல் வந்த ஹாமண்ட், செலிகாஃப் குழுவின் கணக்குப்படி, இரண்டும் இல்லாதவனோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றால் சாவு கல்நாரில் மட்டும் உழைத்தவனுக்கு ஏறத்தாழ 5 மடங்கு, புகைத்தவனுக்கு மட்டும் 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தவனுக்கு 53 மடங்கு. கூட்டினால் இந்த எண் வராது, பெருக்கினால்தான் வரும். ஆகவே பெரியவரின் நெஞ்சில் இருப்பது எதனால் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் பெருக்கலின் ஒரு எண்ணை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடுகிற கணக்கு என்ன கணக்கு?

3

படிவம் செய்ததைத்தான் நம் கலைகளும் செய்திருக்கின்றன.

தமிழ் சினிமாவில் புற்றுநோய்க்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962), 'வாழ்வே மாயம்' (1982), 'பயணங்கள் முடிவதில்லை' (1982). நோய் வருகிறது, காதல் தியாகமாகிறது, கதை முடிகிறது. இந்த நோய்க்குப் பணியிடம் கிடையாது. விதிதான் அதன் முதலாளி. சூசன் சொன்டாக் 1978இல் நோயை உருவகமாக்குவதைக் கண்டித்து எழுதினார். நோயாளியின் குணமே நோயாக வெளிப்படுகிறது என்ற கதையாடலை அவர் தாக்கினார். நம் சூழலில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இங்கே உருவகம் நோயாளியை மட்டும் குற்றவாளியாக்கவில்லை, வேலை கொடுத்தவரைக் காட்சியிலிருந்தே வெளியேற்றிவிடுகிறது.

ரயில்? ரயில் நம்மிடம் ஏராளம். பிரிவுக்கு, சந்திப்புக்கு, தற்கொலைக்கு ரயில். புதுமைப்பித்தனின் 'புதிய நந்தன்' சாதியையும் சீர்திருத்தத்தையும் தண்டவாளத்தில் கொண்டு நிறுத்தியது. தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' ஒரு பெட்டிக்குள் மனித ஈரத்தைக் கண்டது. ரயில்வே குடியிருப்பிலிருந்து எழுதவந்த அசோகமித்திரன் இதே தியாகராய நகரில்தான் நெடுங்காலம் வாழ்ந்தார். அரசியலிலும் ரயில் உண்டு. 1953இல் கல்லக்குடியில் தண்டவாளத்தில் படுத்தார்கள், நிலையப் பலகைகளில் இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்தார்கள். தாருக்கு நம்மிடம் ஓர் அரசியல் வரலாறு இருக்கிறது. தார் பட்ட கைக்கு வரலாறு இல்லை.

மற்ற உழைப்புகளுக்கு நம் நாவல் ஓரளவு நியாயம் செய்திருக்கிறது. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' உப்பளத்துக்குப் போனது, டி. செல்வராஜின் 'தோல்' பதனிடும் தொழிலுக்குப் போனது. இரா. முருகவேள் தமிழில் தந்த 'எரியும் பனிக்காடு' ஒரு தோட்ட மருத்துவர் எழுதியது. பி.எச். டேனியல் நோயாளியிடம் வேலையைப் பற்றிக் கேட்டவர், அதனால்தான் அவருக்கு நாவல் கிடைத்தது. ரயில்வே தொழிலாளியின் உடல் மட்டும் ஏன் விடுபட்டது? அது அரசு வேலை என்பதால் என்று நினைக்கிறேன். குவார்ட்டர்ஸ், பாஸ், பென்ஷன். பொறாமைப்படத்தக்க வேலை. பொறாமைக்குரியவனின் நுரையீரலை யார் கேட்பார்கள்?

தொழிற்சங்கத்துக்கும் இதில் பங்குண்டு. 1946 பொன்மலைத் துப்பாக்கிச் சூட்டையும் 1974 மே வேலைநிறுத்தத்தையும் நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் 1974இன் கோரிக்கைகளில் முன்னால் நின்றவை சம்பளமும் போனஸும் வேலை நேரமும். எத்தனை மணி நேரம் என்று கேட்டார்கள். எந்தக் காற்றில் என்ற கேள்வி பின்னால் நின்றது.

4

இதில் ஊரின் வரைபடமும் சேர்கிறது. கடற்கரை–தாம்பரம் உள்ளூர் வண்டி 1931லேயே மின்சாரத்துக்கு மாறிவிட்டது. மாம்பலத்துப் பயணிக்கு உள்ளூர் ரயில் என்றால் தொண்ணூறு வருடமாகப் புகையில்லாத வண்டி. மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயில் 1997இல் வந்தது, அதுவும் மின்சாரம். பெரம்பூர்ப் பணிமனைகள், 1955இல் தொடங்கிய ஐ.சி.எஃப்., தண்டையார்பேட்டை டீசல் ஷெட், எல்லாம் வடக்கே. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தெற்கே இருந்தோம். எங்கள் வண்டி சுத்தமாக இருந்தது, அதைச் சுத்தமாக வைத்த கை வேறிடத்தில் இருந்தது.

ஆனால் நோய் தெற்கே வருகிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் தொடங்கியது. தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அந்தத் துக்கத்தை ஒரு நிறுவனமாக்கினார். 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு அங்கேதான் இயங்குகிறது. எண்ணுவதற்கு நம் ஊரில் ஆளும் அறிவும் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. உறுப்பு, வயது, பால் என்று எண்ணி வருகிற அறிக்கைகளோடு 'எங்கே, எந்த வேலையில், எத்தனை வருடம்' என்பதும் சேர்ந்துவிட்டால் நமக்குத் தெரிய வருகிற சென்னை வேறாக இருக்கும்.

5

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தருகிற வாழ்வுரிமையின் பகுதி என்றது. நல்ல தீர்ப்பு. ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது ஓய்வுக்குப் பின் 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது. அது கல்நார் ஆலைகளுக்கு இட்ட கட்டளை, எஞ்சின் ஷெட்டுக்குப் பொருந்துமா என்பது தனி வாதம். பொருந்தும் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். பெரியவர் சேர்ந்தது 1970, கூட்டினால் 2010. ஓய்வு 2008, கூட்டினால் 2023. ஆக 2023இல் காகிதத்தைக் கிழித்துப் போடலாம். நோய் அதற்குப் பிறகு வந்தது. தாராளமான தீர்ப்பின் நாட்காட்டிகூட நோயின் நாட்காட்டிக்கு முன்னால் தீர்ந்துபோகிறது.

1923ஆம் வருட இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் கல்நாரால் வரும் நுரையீரல் புற்றும் மீசோதீலியோமாவும் தொழில்நோய்களாக இடம்பெற்றன. டீசல் புகைக்கு அதில் இடமில்லை. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பரில் புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்துவிட்டது. எந்த அட்டவணையாக இருந்தாலும் நோய் வேலையால் வந்தது என்று ஒரு மருத்துவர் எழுத வேண்டும். அவர் எழுத, படிவம் கேட்டிருக்க வேண்டும். 'ரயில்வே' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எந்த வழக்கும் நடக்காது. இந்தியாவில் வெள்ளைக் கல்நார் இன்றும் தடைசெய்யப்படவில்லை என்பதையும் மறக்கவேண்டாம். 2065இல் நோயாளியாகப் போகிறவன் இன்று எங்கோ அதை அறுத்துக்கொண்டிருக்கிறான்.

6

மயிலாப்பூரில் ஒரு சிறு கூட்டத்தில் இதைப் பேசியபோது ஒரு நண்பர் சொன்னார்: 'இது மருத்துவர் வேலை, வக்கீல் வேலை. விமர்சகனுக்கு இதில் என்ன?' நியாயமான கேள்வி. என் பதில்: எது கேட்கப்படுகிறது, எது விடப்படுகிறது, எந்தச் சொல் எதை மூடுகிறது என்று பார்ப்பதுதான் விமர்சனம் என்றால், இதைவிட அவசரமான பிரதி எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே ஒரு காரியம் செய்தோம். ஒரு வாரம் மாலையில் பெரியவரும் நானும் உட்கார்ந்து அவருடைய வேலையை வருடவாரியாக எழுதினோம். எந்த ஷெட், எந்தப் பணி, கையில் என்ன பட்டது, மூக்கில் என்ன ஏறியது, முகமூடி கொடுத்தார்களா, கூட வேலை பார்த்தவர்களில் யார் எப்படிச் செத்தார்கள். நாலு பக்கம் வந்தது. பாதியில் அவர் மனைவி குறுக்கிட்டார். 'இவரு சட்டையை நான்தான் தம்பி உதறித் துவைப்பேன். வெள்ளையா கொட்டும். அப்ப எனக்கும் பாக்கணுமா?' லண்டனில் நியூஹவுஸும் தாம்ப்சனும் 1965இலேயே எழுதியிருக்கிறார்கள், கல்நார்த் தொழிலாளியின் வீட்டில் இருந்தவர்களுக்கும் மீசோதீலியோமா வந்ததை. அந்த அம்மாவுக்கு நான் அதைச் சொல்லவில்லை. 'பாத்துடலாம்மா' என்றேன். எந்தப் பணிப்பதிவேட்டிலும் இல்லாத அவர் பெயரையும் ஐந்தாம் பக்கத்தில் எழுதினோம்.

அந்தத் தாள்களை மருத்துவரிடம் கொடுத்தோம். படித்தார். இரண்டு கேள்விகள் கேட்டார். பின் கோப்பில் வைத்துக்கொண்டார். பெரியவருக்கு இதனால் வைத்தியம் மாறவில்லை, மாறும் என்று நான் எதிர்பார்க்கவுமில்லை. ஆனால் 'தொழில்: ரயில்வே' என்ற வரிக்குப் பின்னால் இப்போது ஐந்து பக்கம் இருக்கிறது.

இதைப் படிக்கிற ஒவ்வொருவர் தெருவிலும் ஓய்வுபெற்ற ஒரு பிட்டரோ கேங்மேனோ இருப்பார். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் பீடியைப் பற்றிக் கேட்காதீர்கள்.