நான், தான், நாம்

திருவண்ணாமலையின் விரூபாட்ச குகையில் மௌனம் காத்திருந்த இளந்துறவியை அணுகி, ஏறத்தாழ 1902ஆம் ஆண்டில், சிவப்பிரகாசம் பிள்ளை சில வினாக்களைத் தொடுத்தார். துறவி எழுதிக் காட்டிய விடைகளே பின்னர் 'நான் யார்?' என்னும் சிறு நூலாயின. அத்துறவியே ரமண மகரிஷி. அந்நூலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே வைத்துப் படிக்கையில் நமக்கு எழும் சிந்தனை சமயம் பற்றியதன்று. முதலில் அது இலக்கணம் பற்றியதே.

'நான் யார்?' என்பதில் இரண்டே சொற்கள், வினைச்சொல் இல்லை. ஆங்கிலமோ 'ஹூ ஆம் ஐ' என்று இடையில் ஒரு வினையை வைத்தே தீரவேண்டும். 'நேசிக்கிறேன்' என்றால் அவ்விகுதியிலேயே தன்மை அடங்கிவிடுகிறது. ஆங்கில வினைகளோ பெரும்பாலும் அவ்விகுதிகளை இழந்துவிட்டன. 'லவ்' என்ற ஒரே வடிவம் நானுக்கும் நீக்கும் நமக்கும் அவர்களுக்கும் பொது. ஆகவே பெயருக்குப் பதிலாக நிற்கும் சொல் அங்கே அணிகலன் அன்று, தூண். மழை பெய்தாலும் 'இட்' என்ற பொருளற்ற ஒரு சொல்லை எழுவாயாக நிறுத்தவேண்டிய மொழி அது! அத்துடன், தன்மை ஒருமையை மட்டும் எவ்விடத்திலும் பெரிய எழுத்தில் எழுதும் வழக்கமும் அதற்குண்டு. தன்னைக் கரைக்கச் சொல்லும் ஒரு நூல், 'நான்' எப்போதும் நிமிர்ந்து நிற்கும் மொழிக்குள் செல்கிறது.

ரமணர் வேறோரிடத்தில் கூறும் 'நான் நான்' என்னும் தொடரைப் பாருங்கள். தமிழில் அது எழுவாயும் பயனிலையுமாக நின்று, 'நான் நானே. வேறொன்றல்லேன்' எனப் பொருள் தரும் முழு வாக்கியம். ஆங்கில மொழிபெயர்ப்புகள் இதை 'ஐ-ஐ' என இடைக்கோடிட்டுத் தருகின்றன. அதைப் படிப்பவருக்கு ஏதோ மறைபொருள் மந்திரம் போலத் தோன்றுகிறது. மூலத்தில் மறைபொருள் ஏதுமில்லை; எளிய இலக்கணமே உள்ளது.

1928இல் இயற்றிய 'உள்ளது நாற்பது' நூலில் அவர் தன்மை, முன்னிலை, படர்க்கை ஆகிய மூவிடங்களையே பொருளாகக் கொண்டு ஒரு வெண்பா பாடியிருக்கிறார். தன்மை இருந்தால்தான் மற்ற இரண்டும் உண்டு என்பது அதன் கருத்து. ஆங்கில இலக்கணம் இம்மூன்றையும் முதலாம், இரண்டாம், மூன்றாம் ஆள் என எண்ணிடுகிறது. நம் இலக்கணமோ பெயரிடுகிறது: முன் நிற்பது முன்னிலை, அப்பால் படர்வது படர்க்கை. 'தன்மை' என்றாலோ பேசுபவனின் இடமும் இயல்பும் ஒருங்கே குறிக்கப்படும். அச்சிலேடையின் மேல் நிற்கும் வெண்பா, எண்ணிட்ட இலக்கணத்தில் பாதி உயிரை இழக்கிறது. குற்றம் மொழிபெயர்த்தவருடையதன்று.

'தான்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். ஆணென்றோ பெண்ணென்றோ பாராத சொல் அது. ஆங்கிலத்தில் 'ஹிம்செல்ஃப்', 'ஹெர்செல்ஃப்' எனப் பால் பிரித்தே ஆகவேண்டும். இதனால் நேர்ந்த இடர்ப்பாட்டை நம் திருவிவிலியத்திலும் காணலாம். மாற்கு 8:34இல் சீடனாக விரும்புபவன் தன்னைத் துறக்கவேண்டும் என ஆண்டவர் பணிக்கிறார். பெண்களையும் உள்ளடக்க விரும்பிய 1989ஆம் ஆண்டின் புதிய திருத்திய ஆங்கிலப் பதிப்பு, அவ்வசனத்தைப் பன்மையாக்கிவிட்டது. நோக்கம் நன்று. ஆயினும் ஒவ்வொருவரும் தனியே சுமக்கவேண்டிய சிலுவை, ஒரு கூட்டத்தின் சிலுவையாகிவிட்டதோ என்று நமக்குத் தோன்றுகிறது. நம் பொது மொழிபெயர்ப்போ 'எவரும்', 'தம்' என்னும் இரு சொற்களால் இருபாலாரையும் அரவணைத்து, தனிமனிதரையும் இழக்காமல் காத்துக்கொண்டது.

முன்னிலையைப் பற்றி நீண்டு பேசவேண்டியதில்லை. கடவுளையும் கடைக்காரரையும் ஒரே 'யூ'வால் அழைக்கும் இன்றைய ஆங்கிலம், 'எங்கள் தந்தையே' செபத்தில் மட்டும் பழைய 'தை'யை விடமுடியாமல் பற்றிக்கொண்டிருக்கிறது. நமக்கு நீ, நீர், நீங்கள் எல்லாம் உண்டு. (இவற்றை நம் பாடலாசிரியர்கள் ஒரே பாட்டில் கலந்துவிடுவது வேறு கதை!)

தன்மைப் பன்மையே நம்மை அதிகம் சிந்திக்க வைக்கிறது. கேட்பவரைச் சேர்த்தால் 'நாம்', விலக்கினால் 'நாங்கள்'. ஆங்கிலத்தின் 'வி' இவ்விரண்டையும் வேறுபடுத்தாது. இக்கட்டுரையில் 'நாம்' என்று எழுதும்போது வாசகராகிய உங்களையும் சேர்த்தே எழுதுகிறோம். அதை ஆங்கிலத்தில் தனியே விளக்கவேண்டியிருக்கும். ஆண்டவர் கற்பித்த செபத்தில் நாம் 'எங்கள்' என்கிறோம். கேட்பவர் தந்தை, அவர் அந்த 'எங்களு'க்குள் இல்லை. யோவான் 17இல் அதே தந்தையை நோக்கி மன்றாடும் மகனோ, தாமும் தந்தையும் ஒன்றாயிருப்பதைக் கூறுகையில், தமிழில் 'நாம்' என்றே பேசமுடியும். ஒரே தந்தையிடம் அடியார் சொல்வது 'எங்கள்', திருமகன் சொல்வது 'நாம்'. ஆங்கில விவிலியத்தைப் படிப்பவர் கண்ணுக்கு இவ்வேறுபாடு புலப்படாது.

பெனடிக்டின் துறவியான ஆன்றி லெ சோ அடிகள் 1949 சனவரியில் மோன்சனேன் அடிகளாருடன் திருவண்ணாமலை வந்து ரமணரைக் கண்டார். 1952 முதல் அம்மலையின் குகைகளில் தங்கித் தவமிருந்தார். அங்கே திருப்பலியும் நிறைவேற்றினார். இறைவனை 'நீர்' என்றழைக்கும் திருப்பலிக்கும், 'நான்' ஒன்றே என்னும் அனுபவத்துக்கும் இடையில் அவர் பட்ட துன்பத்தை அவருடைய நாட்குறிப்பு மறைக்கவில்லை. அத்துன்பத்தைத் தீர்த்துவைக்க நாம் துணியமாட்டோம். ரமணரின் பாதையில் மூவிடமும் ஒன்றில் ஒடுங்கும். நம் விசுவாசத்திலோ தந்தையும் மகனும் ஒன்றாயிருந்தும் ஒருவரையொருவர் அழைத்துப் பேசுகின்றனர். அக்குகையில் அடிகள் செபித்தது இலத்தீனில். அவருடைய தாய்மொழி பிரெஞ்சு. இரண்டிலும் 'எங்கள்', 'நம்' என்ற வேறுபாடு இல்லை. அவர் கற்றுக்கொண்ட தமிழில் அது இருந்தது.