நாளிரை தேடும் நீர்நாய்: மருதப் பாடல்களில் உணவுப் போட்டி

மருதத்திணையின் கருப்பொருள்களை நாம் கற்பதும் கற்பிப்பதும் பெரும்பாலும் ஓர் அட்டவணையின் வழியாகவே. உணவு செந்நெல், வெண்ணெல். விலங்கு எருமை, நீர்நாய். பறவை நாரை, மகன்றில், கம்புள் என்று அது நீளும். இதில் உணவு என்னும் கட்டத்துள் மாந்தர் உண்பது மட்டுமே இடம்பெறுகிறது. எருமை எதை மேய்ந்தது, நீர்நாய் எதைப் பிடித்தது என்பதற்கு அங்கே இடமில்லை. தொல்காப்பியம் தருவது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை முதலிய வகைகளையே. திணைதோறும் பெயர்களை நிரப்பியவர்கள் உரையாசிரியர்களும் நாற்கவிராச நம்பியும் ஆவர். பாடல்களில் உயிரினங்கள் இவ்வாறு தனித்தனியே நிற்பதில்லை. எது எதைத் தின்கிறது என்னும் உறவோடுதான் அவை வருகின்றன. அவ்வுறவைக் கணக்கில் கொள்ளாத உள்ளுறை விளக்கம் குறையுடையது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பாவைக் கொட்டிலார் பாடிய அகநானூற்று 336ஆம் பாடல் இதற்குத் தலைசிறந்த சான்று. சேம்பு வளர்ந்த பாசிப் பரப்பில் குட்டிகளோடு கிடக்கும் பெண் நீர்நாய் பசித்திருக்கிறது. அதன் வருத்தம் தீர அன்றைய இரையைத் தேடிப் புறப்பட்ட ஆண், வாளை மீனோடு போராடுகிறது. போராட்டத்தில் துறை கலங்கிவிடுகிறது. நீர் முகக்க வந்த பெண்கள் குடங்களை வைத்துவிட்டுக் கள்ளை அருந்தி, தலைவனின் பரத்தைமையைப் பாடிக் காஞ்சி மர நிழலில் குரவை ஆடுகின்றனர். நீர்நாய், வாளை, ஊர்ப்பெண்கள் ஆகிய மூவருக்கும் பொய்கை ஒன்றே. ஒன்றன் இரைதேடல் மற்றொருவரின் குடிநீரைக் கெடுக்கிறது. தலைவனின் மறைவொழுக்கம் ஊரறியப் பாடப்படுவதும் அக்கலக்கத்தின் தொடர்ச்சியாகவே நிகழ்கிறது. நீர்நாயைத் தலைவனுக்கு உவமையாக்கியதோடு நிறுத்திக்கொண்டால் இந்தக் காரண காரியத் தொடர் முழுவதும் கைநழுவிப் போகும். பாடல் சோழரின் வல்லத்தைக் குறிப்பிட்டு முடிகிறது. அதைத் தஞ்சாவூருக்குத் தென்மேற்கே உள்ள இன்றைய வல்லமாகக் கொள்வதுண்டு. எனினும் ஆரியர் படை உடைந்த இடமாகவே வல்லம் உவமைக்கு வருகிறது. பொய்கை அங்கிருந்ததாகப் பாடல் கூறவில்லை. மண்ணின் மீதுள்ள பற்றால் அவ்வாறு கொள்ள எனக்கும் ஆசை உண்டு. ஆனால் பாடல் அதற்கு இடந்தரவில்லை.

வாளையைப் பின்தொடர்ந்தால் சங்கிலி இன்னும் நீள்கிறது. குறுந்தொகை 8இல் (ஆலங்குடி வங்கனார்) வயலோர மாமரத்திலிருந்து உதிரும் பழத்தை அது கவ்வுகிறது. குறுந்தொகை 364இல் (ஔவையார்) அதே வாளை நீர்நாய்க்கு அன்றாட இரையாகிறது. வாளை இயல்பில் ஊனுண்ணும் பெருமீன். ஆகவே மாம்பழம் கவிஞரின் கற்பனை என்று கூறுவோர் உளர். நீரில் விழும் எதையும் பாய்ந்து கவ்வும் மீனைக் குளக்கரையில் பார்த்தவர்கள் அவ்வளவு விரைவில் அம்முடிவுக்கு வரமாட்டார்கள். இரு பாடல்களையும் சேர்த்து வாசிக்கும்போது, தின்னும் உயிரே தின்னப்படும் உயிராகவும் ஆவது தெரிகிறது. இவ்விரண்டும் அகம் 336உம் பரத்தையர் கூற்று என்பதும் நோக்கத்தக்கது. ஒருவனுக்காகப் போட்டியிடும் பெண்களின் வாயில் இரைப்போட்டி உவமமாகிறது. இதை விதியாக்க இயலாது. நீர்நாயும் வாளையும் வரும் ஐங்குறுநூறு 63 தலைவி கூற்றாகும்.

அள்ளூர் நன்முல்லையாரின் அகநானூறு 46 வேறொரு நிலையைக் காட்டுகிறது. இரவில் கட்டை அறுத்து, முள்வேலியைக் கொம்பால் நீக்கி வெளியேறிய எருமை பழனத்தில் இறங்குகிறது. மீன்கள் வெருண்டோட, வள்ளைக்கொடி சிதைய, வண்டுகள் மொய்க்கும் தாமரையை அது தின்கிறது. ஒரே மலரில் இரண்டு உயிர்கள் உணவு கொள்கின்றன. வண்டு தேனை எடுத்தாலும் மலர் எஞ்சும். எருமை தின்றபின் வண்டுக்கு எதுவும் எஞ்சாது. ஒரே வளத்தை ஒரே முறையில் நாடும் இரண்டு இனங்கள் நெடுங்காலம் கூடி வாழ இயலாது என்னும் கருத்தைக் காஸ் 1934இல் தம் நூலில் ஆய்வுகளோடு முன்வைத்தார். மக்ஆர்தர் 1958இல், ஒரே மரத்தில் இரைதேடும் ஐந்து சிறுபறவை இனங்கள் மரத்தின் வெவ்வேறு பகுதிகளைப் பங்கிட்டுக்கொள்வதைக் காட்டினார். நன்முல்லையார் காட்டுவது பங்கீடு குலையும் கணம். தோழி வாயில் மறுப்பதற்கு இதைவிடக் கூர்மையான காட்சி வேண்டியதில்லை.

இங்கே அண்மைக்காலச் சூழலியல் திறனாய்வோடு முரண்பட வேண்டியுள்ளது. சங்கப் பாடல்கள் இயற்கையோடு இயைந்த வாழ்வைக் காட்டுகின்றன என்னும் தொடர் ஆய்வேடுகளில் அலுக்குமளவு திரும்பத் திரும்ப வருகிறது. ஐங்குறுநூற்றுக் கள்வன் பத்தில் நண்டு செந்நெற்கதிரைத் தன் வளைக்குக் கொண்டு செல்கிறது (27). முதலை தன் குட்டியையே தின்கிறது (24). இவற்றில் இயைபு எங்கே? இருப்பது அடர்ந்த பகிர்வும் ஓயாத போட்டியும்தான். கள்வன் என்னும் சொல் நண்டையும் திருடனையும் ஒருசேரக் குறிப்பது உழவரின் பார்வையைச் சொல்லிவிடுகிறது.

பங்கீட்டைக் காண இன்று வடுவூருக்குப் போகலாம். தஞ்சாவூர் – மன்னார்குடிச் சாலையிலுள்ள அந்த ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாகவும் 2022இல் ராம்சார் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. சுற்றியுள்ள வயல்களில் நத்தைகுத்தி நாரை நத்தையைத் தேடும். அரிவாள்மூக்கன் சேற்றைத் துழாவும். மடையான் வரப்போரம் அசையாது நிற்கும். உண்ணிக்கொக்கு மாட்டின் பின்னே நடக்கும். நாரை, குருகு, கொக்கு எனச் சங்கப்புலவர் வேறுவேறு சொல்லால் குறித்தவற்றை உரைகள் பல இடங்களில் ஒன்றாக்கிவிடுகின்றன. சொல் வேறுபடும் இடத்தில் இரையும் வேறுபடுகிறதா என்று பாடல்தோறும் பார்க்க வேண்டும். என் ஆய்வின் அடுத்த பகுதி அதுவே.

போட்டியிடும் இனங்களும் மாறியுள்ளன. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, ஜிலேபிக் கெண்டை என்னும் பெயரில் குளங்களில் பரவி, நாட்டு மீன்களின் இரையிலும் முட்டையிடும் இடத்திலும் பங்கு கேட்கிறது. இளங்கலை வகுப்பொன்றில் அகம் 336ஐ நடத்தியபோது, குளக்கரையில் வளர்ந்த மாணவி ஒருவர் வாளை எப்படி இருக்கும் என்று கேட்டார். அவர் ஊர்க்குளத்தில் அவர் பார்த்த மீன் ஜிலேபி மட்டுமே. உள்ளுறையைத் தொடங்கும் முன் வாளையின் படத்தைக் காட்ட வேண்டியதாயிற்று.