பழிச்சொல்லும் சான்றும்: ஹீரோ, சீதை, பகவதியின் கூத்துமாடம்

இடுக்கி மாவட்டத்தின் தமிழக எல்லையில், மங்கலதேவி கோட்டத்தில் சித்திரை முழுநிலவன்று வழிபடப்பெறும் கண்ணகி, பழியைக் கைப்பொருளால் தீர்த்தவள். சிலம்பு உடைந்தது, முத்தன்று, மாணிக்கம் தெறித்தது, வழக்கு முடிந்தது. ஆனால் அது கணவன்மேல் விழுந்த களவுப்பழி. பெண்ணின் கற்பின்மேல் விழும் பழிக்கு உடைத்துக் காட்டச் சிலம்பில்லை. அங்கு எவர் சொல் சான்றாகும்? ஷேக்ஸ்பியரின் 'மச் அடோ அபவுட் நத்திங்' (முதற்பதிப்பு 1600) என்னும் இன்பியல் நாடகமும், பாலக்காட்டுத் தோற்பாவைக் கூத்திற்கு மூலமான கம்பராமாயணமும் இவ்வினாவை எழுப்புகின்றன.

மணநாளில் தேவாலயத்திலேயே கிளாடியோ ஹீரோவைப் பழிக்கிறான். முன்னிரவு சாளரத்தில் அவன் கண்டது, டான் ஜானின் சூழ்ச்சிப்படி அங்கு நின்ற பணிப்பெண் மார்கரெட்டை. அரசகுமாரர் பொய்யுரைப்பரோ எனக் கருதும் தந்தை, மகள் சாவதே நன்றென்கிறான். ஓராண்டாக ஹீரோவுடன் ஓரறையில் துயின்ற பியாட்ரிஸ், அவ்விரவு மட்டும் தான் உடனில்லை என உண்மையை ஒப்புகிறாள். அவ்வுண்மை பழிக்கே துணைபோகிறது. எனினும் அவள் நம்பிக்கை அசையவில்லை. நாடகத்தின் உயிர்நிலை இதுவே. காவலர் தற்செயலாய் ஒட்டுக்கேட்டதால் உண்மை வெளிப்படுவது கதையை முடிக்க உதவுகிறது, அவ்வளவே. ஹீரோ இறந்தாள் என்று கேட்டும் இளகாத கிளாடியோவுக்கே அவள் மீண்டும் மணமுடிக்கப்பெறுவது இன்பியலின் இன்பத்தைக் கசக்கச் செய்கிறது.

ஹீரோ மயங்கி விழுகிறாள். சீதை மறுமொழி கூறுகிறாள். இராவணன் அவளைத் தீண்டாது நிலத்தோடு பெயர்த்தெடுத்ததாகக் கம்பர் முன்னரே அமைத்துவிட்டதால், பழி பொய்யென்பது கற்போர்க்கு ஐயமற விளங்கும். மீட்சிப் படலத்தில் இராமனிடம் அவள் சுட்டும் சான்று அனுமன்: தூதனாய் வந்து தன் நிலையை நேரிற் கண்டவன் அதனை உரைக்கவில்லையோ என்கிறாள். அங்கு அனுமன் அவளுக்காக வாய்திறப்பதாகக் கம்பர் காட்டவில்லை. பியாட்ரிஸின் இடம் வெறுமையாகவே இருக்கிறது. பின்னர்த் தீக்கடவுளே அவள் கற்பின் வெம்மையால் வெந்து முறையிடுகிறான். சோதிக்க மூட்டிய தீ சான்றாளனாகிறது.

இக்காவியத்தைப் பாலக்காட்டுப் புலவர்கள் பகவதி கோயில்களில், இருபத்தொரு விளக்கொளியில், கம்பரின் செய்யுளோதி விளக்கமுரைத்து நிகழ்த்துகின்றனர். தாரிகனோடு பொருததால் இராவண வதத்தைக் காணாத பத்திரகாளிக்காகவே கூத்து என்பது வழக்கு. ஆகவே கூத்துமாடம் கோயிலை நோக்கியது. மாந்தர் எவரும் அமராத இரவிலும் கூத்து நிற்பதில்லை. அவையில் துணைநிற்க ஒருவருமில்லாத சீதையின் கதையை, அரக்கனைக் கொன்று வந்த ஒரு பெண்தெய்வம் விடியுமளவும் கேட்டிருக்கிறாள்.