மூத்த மகன் பிடித்த சுஷி

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்க பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல ஒரு மெஸ் நடத்தினார். நாலு பெஞ்சு, ஒரு கல்லாப்பெட்டி, மதியச் சாப்பாடு மட்டும். இப்போது அதை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். ‘ஜிரோ ட்ரீம்ஸ் ஆஃப் சுஷி’ படத்தை நான் காலேஜ் படிக்கும்போது பார்த்து வியந்திருக்கிறேன். சமீபத்தில் அண்ணனோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். இந்த முறை அது வேறு படமாக இருந்தது.

பார்க்காதவர்களுக்கு: 2011-இல் டேவிட் கெல்ப் எடுத்த ஆவணப்படம். டோக்கியோ கின்சாவில், சுரங்க ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் ‘சுகியபாஷி ஜிரோ’ என்ற கடை. 1965-இல் தொடங்கியது. மொத்தமே பத்து இருக்கை, கழிப்பறைகூடக் கடைக்கு வெளியேதான். 2007-இல் டோக்கியோவுக்கான முதல் மிஷெலின் கையேடு வந்தபோது இந்தக் கடைக்கு மூன்று நட்சத்திரம் கிடைத்தது. படம் எடுத்த சமயத்தில் சாப்பாட்டின் தொடக்க விலை 30,000 யென். வேகமாகச் சாப்பிடுகிறவர் பதினைந்து நிமிடத்தில் எழுந்துவிடலாம்.

படம் உழைப்பைக் காட்டும் விதம் அபாரம். ஆக்டோபஸை நாற்பது, ஐம்பது நிமிடம் கையால் பிசைகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவன் முதலில் சுடச்சுடத் துண்டு பிழியப் பழக வேண்டும். பத்து வருஷம் கழித்துத்தான் முட்டை செய்ய விடுவார்கள். ஒரு சீடன் இருநூறு தடவைக்கு மேல் முட்டை செய்து, எல்லாம் தள்ளப்பட்டு, கடைசியில் ஜிரோ சரி என்றதும் அழுதிருக்கிறான். நடுநடுவே ஃபிலிப் கிளாஸின் இசை. மீன் மேல் சோயா தடவியதும் அந்தச் சின்ன உருண்டை மூச்சு விடுவதுபோல மெல்லத் தட்டில் அமர்கிறது. இன்று ரீல்ஸில் ‘ஒரே வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்’ என்று சுற்றுவதெல்லாம் இந்தப் படத்தின் துண்டுகள்தான்.

நாங்கள் பொள்ளாச்சிக்காரர்கள். கேமரா ஓர் ஊரை எப்படி அழகாக்கும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்க ஊர்த் தென்னந்தோப்பும் வாய்க்காலும் சினிமாவில் எல்லா மாவட்டமாகவும் நடித்துவிட்டன. ஃபிரேமுக்கு வெளியே என்ன கிடக்கிறது என்று பார்ப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அண்ணனும் அதைத்தான் செய்தார். பத்தாவது நிமிடத்திலேயே கேட்டார்: “இவங்கம்மா எங்கடா?”

உண்மைதான். ஜிரோவின் மனைவியைப் படம் காட்டவே இல்லை. மகன்கள் சின்ன வயதாக இருக்கும்போது ஜிரோ விடியும் முன் போய் ராத்திரி வருவாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தூங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்துப் பையன், யாரோ தெரியாத ஆள் நம்ம வீட்டில் படுத்திருக்கிறார் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். படம் இதைச் சிரிப்பாகச் சொல்லிக் கடந்துபோகிறது. அந்த வீட்டை அத்தனை வருஷம் யார் நடத்தினார் என்று கேட்கவில்லை.

சாப்பிடும் முறையில் எனக்குத் தட்டுப்பட்ட வித்தியாசம் ஒன்று உண்டு. ஜிரோவின் கடையில் அளவு சமைப்பவருடையது. எத்தனை துண்டு, எந்த வரிசை, எல்லாம் அவர் முடிவு. சாப்பிடுகிறவர் இடது கைக்காரரா என்று கவனித்துத் தட்டில் வைக்கும் பக்கத்தை மாற்றுகிறார். பெண்களுக்குச் சற்றே சின்னதாகப் பிடிக்கிறார், அப்போதுதான் எல்லோரும் ஒன்றாக முடிப்பார்களாம். கவனிப்புதான், ஆனால் ஆள் முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். மெஸ்ஸில் அளவு இலையுடையது. “இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா?” என்று கேட்காமல் பரிமாறுகிறவர் நகரமாட்டார். அவங்க மரியாதை எண்ணி வைப்பதில், நம்ம மரியாதை எண்ணாமல் போடுவதில். இதில் ஒன்று உசத்தி என்று நான் சொல்லவில்லை. இரண்டாவதற்கு மட்டும் யாரும் படம் எடுப்பதில்லை.

படத்தின் உண்மையான விஷயம் சுஷி அல்ல, மூத்த மகன் யோஷிகசு. படம் எடுக்கும்போது அவருக்கு ஐம்பது வயது. இரண்டு மகன்களும் மேலே படிக்க ஆசைப்பட்டார்கள். அப்பாதான் பேசிக் கடைக்குள் கொண்டுவந்தார். இளையவர் ரோப்போங்கியில் தனிக்கடை வைத்துவிட்டார். அப்பா இடது கைக்காரர், மகன் வலது கைக்காரர் என்பதால் அந்தக் கடை கின்சா கடையைக் கண்ணாடியில் பார்த்ததுபோல இருக்கும். மூத்தவர் மட்டும் காத்திருக்கிறார். மீன் சந்தைக்குப் போவது அவர், ஆட்களைப் பழக்குவது அவர்.

முடிவுக்குப் பக்கத்தில், உணவு விமர்சகர் ஒருவர் போகிறபோக்கில் ஒன்று சொல்கிறார். மிஷெலின் ஆட்கள் சாப்பிட வந்தபோதெல்லாம் சுஷி பிடித்தது ஜிரோ இல்லை, யோஷிகசு. இந்த இடத்தில் அண்ணன் ரிமோட்டை வாங்கி, கொஞ்சம் பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தார்.

பெரியப்பா சமையலை விட்டுப் பல வருஷம் ஆகிறது. வருகிறவர்கள் இன்றைக்கும், “என்ன இருந்தாலும் பெரியவரு கைப்பக்குவம் வரலீங்க” என்பார்கள். பெரியப்பா கல்லாவில் வந்து உட்கார்ந்த அன்றைக்கு அதே ஆட்கள், அதே அண்ணன் வைத்த அதே குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, “இதுதாங்க பழைய ருசி” என்பார்கள்.

என் குறை இங்கேதான். அந்த ஒரு செய்தி முழுப் படத்தையும் கலைத்துப்போட்டிருக்க வேண்டும். மூன்று நட்சத்திரம் மகன் கைக்குக் கிடைத்தது என்றால், ‘ஒரு மேதையின் கை’ என்று இத்தனை நேரம் பார்த்ததற்கு என்ன அர்த்தம்? படம் அதை மகனுக்கு ஒரு சான்றிதழாகக் கொடுத்துவிட்டு, திரும்ப அப்பாவின் முகத்துக்குப் போய்விடுகிறது. நாமும் ருசியை நாக்கால் அறிவதைவிடப் பெயரால் அறிகிறோம் என்பதைச் சொல்லும் தைரியம் அதற்கு இல்லை.

‘தேவர் மகன்’ (1992) நினைவுக்கு வந்தது. எங்க ஊர்ப்பக்கம் எடுத்த படம். அதில் சக்தி ஊருக்கு வருவதே ரெஸ்டாரன்ட் தொடங்கும் திட்டத்தோடுதான். அப்பாவின் இடம் அவனை விழுங்கிவிடுகிறது. அந்தப் படம் அதை இழப்பு என்று தெரிந்தே சொல்கிறது. ஜிரோ படம் ஏறக்குறைய அதே கதையைச் சாதனை என்று சொல்கிறது.

பிறகு 2014-இல் ஒபாமா வந்து சாப்பிட்டார். 2019-இல், பொதுமக்கள் முன்பதிவு செய்ய முடியாத கடை என்று மிஷெலின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2025 அக்டோபரில் ஜிரோவுக்கு நூறு வயது நிறைந்தது.

படம் முடிந்ததும் அண்ணன் கேட்டார்: “கடைப் பேரு இன்னும் அப்பா பேருதானா?” ஆமாம் என்றேன். எங்க மெஸ் போர்டிலும் பெரியப்பா பெயர்தான், பெயிண்ட் பாதி உரிந்துவிட்டது. புதுசா எழுதும்போது உங்க பேரையும் சேர்க்கலாமே என்றேன்.

“வர்றவிங்க கொளம்பிப் போயிருவாங்க, உடு” என்றார். காலையில் ஐந்து மணிக்குச் சந்தைக்குப் போக வேண்டும் என்று படுக்கப் போய்விட்டார்.