கிளாசிக்கும் கொட்டாவியும்

"அந்தம்மா கட்டில்லேர்ந்து பெட்ஷீட்டை உருவுறாங்களே, அங்கேயே எனக்குப் படம் புரிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் சைக்கிள் தொலையலைன்னாதான் ஆச்சரியம்."

இது ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ படத்துக்கு எழுதப்பட்ட விமர்சனம். எழுதியவள் விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் வருஷம் படிக்கும் ஒரு பெண். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்குப் பக்கத்துத் தெரு. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். பெயரும் கல்லூரியும் வேண்டாம், மார்க் சமாசாரம்!

கல்லூரியில் உலக சினிமா என்று ஒரு பேப்பர். வாரத்துக்கு ஒரு கிளாசிக் போட்டுக் காட்டுகிறார்கள். பார்த்துவிட்டு இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தப் பெண்ணிடம் இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. ஒன்று சாருக்கு, இன்னொன்று தனக்கு. இரண்டையும் எனக்குப் படிக்கக் கொடுத்தாள்.

சாருக்கான நோட்டில், "இத்தாலிய நியோ ரியலிசத்தின் மைல்கல்லான இத்திரைப்படம் போருக்குப் பிந்தைய சமூக அவலத்தைத் தத்ரூபமாகச் சித்தரிக்கிறது" என்று இருக்கிறது. பத்துக்கு ஒன்பது. தனக்கான நோட்டில்தான் பெட்ஷீட். அதற்கு மார்க் கிடையாது. கேட்பாரும் கிடையாது.

நான் பெட்ஷீட் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

விட்டோரியோ டி சிகாவின் அந்தப் படம் 1948-ல் வந்தது. ரோம் நகரத்தில் வேலையில்லாமல் திண்டாடும் அந்தோனியோவுக்கு போஸ்டர் ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகில் இருக்கிறது. மனைவி மரியா யோசிக்கவே இல்லை. கட்டிலில் விரித்திருப்பதை உருவி, துவைத்து, மடித்து, அடகுக் கடைக்கு எடுத்துக்கொண்டு போகிறாள். சைக்கிளை மீட்கிறார்கள். அப்புறம் ஒரு காட்சி. கடைக்காரன் அந்தத் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலமாரியில் ஏறுகிறான், ஏறுகிறான், ஏறிக்கொண்டே இருக்கிறான். கூரை வரைக்கும் மூட்டை மூட்டையாக ஊராருடைய பெட்ஷீட்! ஒரு நகரமே வெறும் கட்டிலில் படுத்திருக்கிறது என்பதை ஒரு வசனம் இல்லாமல் சொல்லியாகிவிட்டது.

‘போருக்குப் பிந்தைய சமூக அவலம்’ என்றால் இதுதான். ஆனால், அந்த வார்த்தைகளை எழுதுவதற்குப் படத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பெட்ஷீட்டை எழுதப் படம் பார்த்தாக வேண்டும். ஆட்டோவுக்குத் தவணை கட்டுகிற வீட்டில் பிறந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சீக்கிரமாகவே கண்ணில் படும். "பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தை நம்பித்தான் எங்க வீட்ல டியூ. வண்டி இல்லன்னா அப்பா சும்மா உட்கார்ந்திருப்பாரு, அந்தோனியோ மாதிரி" என்று அடுத்த வரியில் எழுதியிருக்கிறாள். பேராசிரியர்கள் இதைச் ‘சொந்தக் கதை’ என்று அடித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் விமர்சனம் தொடங்குகிற இடமே அதுதான்.

பெரிய ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் தொடங்கியிருக்கிறார்கள். 1950-ல் விளம்பரக் கம்பெனி வேலையாக லண்டனுக்குப் போன சத்யஜித் ராய், அங்கே இதே படத்தைப் பார்த்தார். இத்தாலியச் சமூகத்தைப் பற்றிக் கட்டுரை எழுத அவர் உட்காரவில்லை. ஸ்டுடியோ வேண்டாம், நட்சத்திரம் வேண்டாம், தெருவிலேயே எடுக்கலாம், அப்படியானால் என்னாலும் முடியும் என்று எடுத்துக்கொண்டார். ஊர் திரும்பும் கப்பலிலேயே ‘பதேர் பாஞ்சாலி’ வேலையை ஆரம்பித்துவிட்டார். 1955-ல் படம் வந்தது.

மட்டக்களப்புக்காரரான பாலுமகேந்திராவும் பள்ளி நாட்களிலேயே ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ பார்த்தவர். 1966-ல் புனே திரைப்படக் கல்லூரியில் சேர்ந்து, 1969-ல் ஒளிப்பதிவில் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். பின்னால் அவர் எடுத்த ‘வீடு’ படத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பெண் துளித்துளியாகக் காசு சேர்த்துக் கட்டுகிற வீடு, சிமென்ட் மூட்டை திருட்டு, பாதிக் கட்டடத்தைப் பார்த்துப் பூரிக்கிற சொக்கலிங்க பாகவதர், கடைசியில் ஒரு அரசாங்கக் காகிதம். ரோம் நகரத்து சைக்கிளுக்குச் சென்னையில் என்ன பெயர் என்று கேட்டால், எனக்கு ‘வீடு’ என்றுதான் பதில் வருகிறது. கிளாசிக் பார்ப்பதன் பலன் இதுதான். எடுத்தவனின் ஊர் வழியாக நம் ஊருக்கு வந்து சேர்வது!

அதற்காக அந்தப் பெண்ணின் நோட்டில் இருப்பதெல்லாம் வேத வாக்கு என்று சொல்ல மாட்டேன். ‘பதேர் பாஞ்சாலி’ பற்றி என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமா?

"முதல் முக்கா மணி நேரம் செம போர். ஃபேன் சத்தம்தான் கேட்டுச்சு. கடைசில அந்தப் பையன் நெக்லஸை எடுத்துக் குளத்துல போடுறான். அழுதுட்டேன். ஏன்னு தெரியல."

நேர்மையான வரிதான். ஆனால், ‘ஏன்னு தெரியல’ என்று பேனாவை மூடிவிட்டால் எப்படி? விடை அந்தக் கொட்டாவி விட்ட பகுதியிலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி வந்து, உன் பெண் துர்கா எங்கள் பாசி மாலையைத் திருடிவிட்டாள் என்று கத்துகிறாள். இல்லவே இல்லை என்கிறாள் துர்கா. அம்மா அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்து அடித்து வெளியே தள்ளுகிறாள். அப்புறம் படம் அதை மறந்தே விட்டது போல மழை, ரயில் என்று நிதானமாகப் போகிறது. துர்கா செத்துப்போகிறாள். வீட்டைக் காலி பண்ணும்போது கொட்டாங்கச்சிக்குள்ளிருந்து தம்பி அப்புவின் கைக்கு அந்த மாலை வருகிறது. யாரிடமும் சொல்லாமல் குளத்தில் எறிகிறான். பாசி விலகி, பின் மெதுவாக மூடிக்கொள்கிறது. அக்காவின் மானத்தைத் தம்பி தண்ணீருக்குள் பத்திரப்படுத்திவிட்டான்.

காமர்ஸ் படித்தவனுக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், முதல் முக்கால் மணி நேரம் செலவு இல்லை, முதலீடு. கடைசியில் வந்த அழுகை அதற்கான வட்டி. கொட்டாவியையும் எழுதி அழுகையையும் எழுதிய பெண், இரண்டையும் ஒரு கோடு போட்டு இணைத்திருந்தால் அன்றைக்கே முழு விமர்சகி ஆகியிருப்பாள்.

‘சிட்டிசன் கேன்’ விஷயத்திலும் இதே அவசரம். "ரோஸ்பட்னா இவ்ளோதானா?" என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிட்டாள். ரோஸ்பட் என்னவென்று படத்தில் வருகிற நிருபருக்குக் கடைசி வரை தெரியாது, நமக்கு மட்டும்தான் தெரிகிறது. ஒரு மனிதனின் மொத்த ரகசியமும் குப்பையோடு குப்பையாக நெருப்பில் போகிறது. ‘இவ்வளவுதானா?’ என்று ஆர்சன் வெல்ஸே நம்மைக் கேட்க வைக்கிறாரோ என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு ஆறுதல். கிளாசிக்கைப் பார்த்துக் கொட்டாவி விட்டவர்களில் இவள் முதல் ஆளில்லை. ழான் ரெனுவாரின் ‘தி ரூல்ஸ் ஆஃப் தி கேம்’ 1939 ஜூலையில் பாரிஸில் வெளியானபோது ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். ரெனுவார் பதறிப்போய் வெட்டித் தள்ளினார். அப்புறம் தடையும் வந்தது. 20 வருஷம் கழித்து 1959-ல், வெட்டியதையெல்லாம் தேடி ஒட்டிக் காட்டிய பிறகுதான் உலகம் தலையில் வைத்துக் கொண்டாடியது. அந்தப் படத்தில் ரெனுவாரிடம் உதவியாளராக வேலை பார்த்தவர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன். பின்னால் உலகப் புகழ் போட்டோகிராபர். 1950 ஏப்ரல் 14 அன்று ரமண மகரிஷி மறைந்தபோது கேமராவும் கையுமாக ஆசிரமத்தில் இருந்தவர் இதே பிரெஸ்ஸோன்தான்! சினிமா வகுப்பில் படிக்கும் பெயர்கள் எங்கோ ஆகாயத்தில் இல்லை. இவள் தினம் பஸ் ஏறுகிற செங்கம் சாலை வழியாகவே வந்து போயிருக்கின்றன.

இனி நோட்டின் சிறந்த பக்கங்களுக்கு வருகிறேன். இரண்டு படங்கள்.

ஒன்று, ஓஸுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’. 1953. பிள்ளைகளைப் பார்க்க நகரத்துக்கு வரும் வயதான அப்பா அம்மா. பிள்ளைகளுக்கு நேரமில்லை. செலவைப் பகிர்ந்துகொண்டு பெற்றோரை ஒரு கடலோர விடுதிக்குத் தள்ளிவிடுகிறார்கள். போரில் இறந்துபோன மகனின் மனைவி மட்டும்தான் உள்ளன்போடு கவனிக்கிறாள். இந்தக் கதையில் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் புரியாதது எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பெண் கவனித்தது கதையை இல்லை. "கேமரா கீழ உக்காந்திருக்கு. ஆசிரமத்து ஹால்ல தரையில உக்காந்து பார்த்தா எல்லாரும் எப்படித் தெரிவாங்களோ, அப்படித் தெரியிறாங்க."

புத்தகங்கள் இதை ‘தாத்தாமி பாய் உயரம்’ என்று விளக்கும். இவள் எந்தப் புத்தகமும் படிக்காமல், தரையில் உட்கார்ந்து பழகிய உடம்பால் கண்டுபிடித்திருக்கிறாள். நின்றுகொண்டு பார்க்கிறவன் எடை போடுவான். தரையில் உட்கார்ந்து பார்க்கிறவன் கூடவே இருப்பான். ஓஸு அந்தப் பெரியவர்களோடு கூடவே இருக்கிறார்.

இரண்டாவது, ‘தி ரேஸர்ஸ் எட்ஜ்’. சாமர்செட் மாம் 1938-ல் ரமணாசிரமத்துக்கு வந்தார். வந்த இடத்தில் மயங்கி விழுந்தார். மகரிஷியே அவர் இருந்த இடத்துக்கு வந்து பார்த்தார். பேச்சு கொஞ்சம்தான், மீதியெல்லாம் மௌனம். அந்த அனுபவத்தின் சாயலில் 1944-ல் மாம் நாவல் எழுதினார். ஆசிரமத்தைத் திருவிதாங்கூருக்கு மாற்றி, குருவுக்கு வேறு பெயரும் வைத்தார். 1946-ல் ஹாலிவுட் அதைப் படமாக்கியது. எட்மண்ட் கோல்டிங் டைரக்‌ஷன், டைரன் பவர் ஹீரோ. ஆன் பாக்ஸ்டருக்குத் துணை நடிகைக்கான ஆஸ்கரே கிடைத்தது. நாவலைச் சினிமாவாக்குவது எப்படி என்ற பாடத்துக்காக வகுப்பில் போட்டிருக்கிறார்கள்.

சாருக்கான நோட்டில், "ஆன்மிகத் தேடலை அழகுறப் படம்பிடித்த காவியம்." தனக்கான நோட்டில் என்ன தெரியுமா?

"மலை தப்பு. அது இமயமலை செட்டு. எங்க மலையில குரங்கும் மயிலும் வெயிலும்தான். சரி, அது போகட்டும். அந்தச் சாமியார் ஏன் இவ்ளோ பேசுறாரு?"

முதல் வரியை நான் தள்ளுபடி பண்ணுகிறேன். கதாசிரியனுக்கும் டைரக்டருக்கும் மலையை இடம் மாற்ற உரிமை உண்டு. ‘எங்க ஊர் மாதிரி இல்லை’ என்பது புகாராகுமே தவிர விமர்சனமாகாது. அதை அவளே ‘சரி, போகட்டும்’ என்று தாண்டிவிட்டாள் பாருங்கள். அங்கேதான் சபாஷ் போடத் தோன்றுகிறது. கடைசிக் கேள்வி படத்தின் உயிர்நிலையில் போய் அடிக்கிறது. படத்தின் குரு நல்ல ஆங்கிலத்தில் அழகாகப் பேசுகிறார். ஹீரோ கேட்கிறான், குரு விளக்குகிறார், பின்னணியில் வாத்தியங்கள் பொழிகின்றன. திருவண்ணாமலையில் மாம் எதிரே உட்கார்ந்திருந்த மனிதரோ பேசாமலே பேசுவதற்குப் பெயர் போனவர். ஹாலிவுட்டால் மலையைக் கட்ட முடிந்தது, மௌனத்தைக் கட்ட முடியவில்லை. ஏழே வருஷம் கழித்து ஓஸு ஒரு சாதாரணக் குடும்பக் கதையில் அதைச் செய்து காட்டிவிட்டார். இரண்டு பக்கங்களையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு இது புரிந்தது. ஒன்பது மார்க் நோட்டில் இப்படி ஒரு வரியாவது உண்டா?

மகரிஷிக்கே சினிமா பிடித்த உவமை. திரையில் நெருப்பு எரியும், வெள்ளம் வரும். திரை வேகாது, நனையாது. படங்கள் வந்து போகும், திரை அப்படியே இருக்கும். ஆன்மாவும் அப்படித்தான் என்று அன்பர்களுக்கு விளக்குவார். அவர் சொன்னது பெரிய காரியத்துக்கு. சினிமா வகுப்புக்கு அதில் ஒரு சின்னப் பங்கு போதும். படம் ஓடும்போது, பார்க்கிற ஆள் யார் என்றும் கொஞ்சம் கவனிக்கலாம். எங்கே கொட்டாவி வந்தது, எங்கே தொண்டை அடைத்தது, ஏன்?

இப்போது இதற்கு ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. ‘நியோ ரியலிசத்தின் மைல்கல்’ வகையறாவை இன்றைக்கு எந்த ஏ.ஐ. செயலியைக் கேட்டாலும் அரை நிமிஷத்தில் நாலு பக்கம் அடித்துக் கொடுக்கும், எழுத்துப் பிழைகூட இருக்காது. அதற்கும் ஒன்பது மார்க் விழும். ஆட்டோ டியூவையும் அடகுக் கடை பெட்ஷீட்டையும் முடிச்சுப் போட்ட அந்த வரியை, அந்தத் தெருவில் அந்த வீட்டில் வளர்ந்த பெண்தான் எழுத முடியும். அவளிடம் அதைக் கேட்காமல், செயலி எழுதக்கூடியதைக் கேட்டு மார்க் போட்டுக்கொண்டிருந்தால் நஷ்டம் யாருக்கு? மூன்று வருஷம் கழித்து அவள் எடுக்கப்போகிற முதல் குறும்படத்துக்குத்தான்.

ஆகவே, சினிமா பாடம் நடத்துகிற ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். ‘இப்படத்தின் சிறப்புகளை விவரி’ என்ற கேள்வியை ஒரு செமஸ்டருக்கு ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் உனக்கு போர் அடித்தது? அதற்கு முந்தைய காட்சியில் என்ன நடந்தது? அந்தக் காட்சியை வெட்டி எறிந்துவிட்டால் கடைசிக் காட்சி என்ன ஆகும்? பத்து மார்க்.