பொழுது இல்லாத நிலம்

பாகூர், வில்லியனூர் பக்கம் மனை விற்கிறவர்கள் போடும் ரீல்ஸை ஆறு மாதமாகத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். மனை வாங்குவதற்காக இல்லை, அந்த வசதி நமக்குக் கிடையாது. பார்க்கப் பார்க்க, இது தனக்கென்று இலக்கணம் உள்ள ஒரு எழுத்துவகை என்று பட்டது. தமிழில் இன்று நிலத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர்கள் கவிஞர்கள் இல்லை, இந்த முப்பது விநாடிக்காரர்கள்தான். இவ்வளவு பேர் பார்க்கும் ஒரு நிலவருணனையை விமர்சனம் கண்டுகொள்ளாமல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் டிரோன் வரும். வெட்டவெளி, கிராவல் ரோடு, இரண்டு பக்கமும் வெள்ளையடித்த கல், கல்லுக்குக் கல் கலர் கொடி. அடுத்து திருக்காமீசுவரர் கோயில் கோபுரம் இரண்டு விநாடி, வில்லியனூர் மாதா கோயில் இரண்டு விநாடி. பிறகு கூலிங் கிளாஸ் போட்ட தம்பி ஒருவர் நடந்தபடியே பேசுவார். தூரத்தை அவர் கிலோமீட்டரில் சொல்லமாட்டார், நிமிஷத்தில்தான் சொல்வார். பஸ் ஸ்டாண்ட் பத்து நிமிஷம், ஜிப்மர் பன்னிரண்டு நிமிஷம். இந்திரா காந்தி சிலை சிக்னலில் ஒருமுறையாவது சாயங்காலம் நின்றவர்களுக்கு அந்த நிமிஷம் எவ்வளவு பெரிய கற்பனை என்று தெரியும். கடைசியில் "இன்னும் சில மனைகளே உள்ளன". ஆறு மாதமாக ஒரே லேஅவுட்டில் இன்னும் சில மனைகளே இருப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதெல்லாம் மிகை, விளம்பரத்துக்கு மிகை உண்டு, அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். கோயில் கோபுரத்தைப் பாடாமல் ஊரைப் பாடிய தலபுராணம் உண்டா என்ன? என் சண்டை வேறு இடத்தில்.

தொல்காப்பியம் முதற்பொருள் என்று நிலத்தை மட்டும் சொல்லவில்லை, நிலமும் பொழுதும் என்று சேர்த்துத்தான் சொல்கிறது. கார்காலத்து முல்லை, வைகறை மருதம். பொழுதை எடுத்துவிட்டால் திணை நிற்காது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த இந்த விஷயம், ரீல்ஸ் பார்க்கும்போதுதான் எனக்கு ஒழுங்காகப் புரிந்தது. இந்த நிலத்தில் எப்போதும் பங்குனி மாசத்துச் சாயங்கால வெயில். சம்பா அறுத்து, தாள் காய்ந்து, தரை இறுகி, வரப்பைத் தட்டி ஜேசிபி சமன்செய்த பிறகு எடுத்த படம். ஐப்பசியில் அந்த இடம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு படம்கூடக் கிடையாது. நான் தேடிப் பார்த்த எந்தக் கணக்கிலும் கிடையாது.

பாகூரை புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். நெல் எங்கே விளையுமோ அங்கே தண்ணீர் வந்து நிற்கும், நிற்கவேண்டும், அதுதான் அந்த நிலத்தின் வேலை. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் பாகூர் ஏரிக்கு வருகிறது. அங்கிருந்து கிளைவாய்க்கால்கள் வயல் வயலாகப் பிரிகின்றன. லேஅவுட் போடுகிறவர் வாங்கியது அந்தப் பின்னலில் ஒரு துண்டு. துண்டின்மேல் கிராவல் கொட்டினால் துண்டு உயரும், தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போகும். பக்கத்து வயலும் லேஅவுட் ஆனால் தெருவுக்கு வரும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி அசையாமல் நின்றபோது ஒரே நாளில் 46 செ.மீ. மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பாகூர்ப் பக்கம் ஏறியது, சங்கராபரணி வில்லியனூர்ப் பக்கம் ஏறியது. அந்த வாரம் இன்ஸ்டாகிராமில் எல்லோரும் வெள்ளத்தைப் போட்டார்கள். மனைக்காரர்களின் பக்கங்கள் மட்டும் ஒரு வாரம் மௌனம். பிறகு கிறிஸ்துமஸ் ஆஃபர், அதே பங்குனி வெயிலோடு. அந்த ஒரு வார மௌனத்தை நான் இந்த வகையின் முக்கியமான பகுதியாகப் படிக்கிறேன்.

இதே ஊரில்தான் ஆயியின் கதையும் இருக்கிறது. விஜயநகரத்து அரசர் கோயில் என்று நினைத்து ஒரு தாசியின் வீட்டைக் கும்பிட்டுவிட, கோபத்தில் அதை இடிக்கச் சொன்னார், அவள் தன் கையாலேயே வீட்டை இடித்து முத்திரையர்பாளையத்தில் குளம் வெட்டினாள் என்று கதை. பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவந்து அவள் பெயரில் மண்டபம் கட்டினார்கள். பாரதி பூங்காவில் செல்ஃபி எடுக்கிறோமே, அதுதான். பங்காரு வாய்க்காலுக்கும் பங்காரு, சிங்காரி என்று இரண்டு பெண்களைச் சொல்லும் கதை உண்டு. வீட்டை இடித்துக் குளம் வெட்டியவளைச் சின்னமாக வைத்திருக்கும் ஊரில் குளத்துக்கு வரும் வாய்க்காலைத் தூர்த்து வீடு விற்கிறோம். ஊசுடேரியை 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். ரீல்ஸில் அதன் பெயர் "லேக் வியூ".

வில்லியனூரில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் மனைத்தரகு பார்க்கிறார். சொந்த லேஅவுட் இல்லை, இரண்டு பர்சன்ட் கமிஷன்தான். போன வருஷம் யாரோ ஒருவருக்குக் காசு கொடுத்து "கன்டென்ட் கேலண்டர்" என்று ஒன்று வாங்கியிருந்தார். முப்பது நாளுக்கு முப்பது போஸ்ட். எழுதுகிற பையன்தானே என்று என்னிடம் காட்டினார். "பாத்துச் சொல்லு தம்பி, இதுல பாதி எனக்கே புரியல."

அது அமெரிக்காவுக்கு எழுதப்பட்டது என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்தது. திங்கள்கிழமை, புதிதாக விற்பனைக்கு வந்த வீடு. புதன், வீட்டைத் திறந்துவைத்து எல்லோரையும் அழைக்கும் நாள். வெள்ளி, "இப்போதுதான் விற்றோம்" என்று விலையோடு ஒரு படம். நான் அந்த வெள்ளிக்கிழமையிலேயே நின்றுவிட்டேன். இங்கே விற்ற விலையை யார் போடுவார்? ஜிஎல்ஆர் மதிப்பு ஒன்று, பத்திரத்தில் ஒன்று, கைக்கு வருவது ஒன்று. விற்றவருக்குப் பங்காளிகள் இருப்பார்கள், வாங்கியவருக்குக் கண்ணேறு பயம் இருக்கும். "வெலைய போட்டா நாளைக்கு ரெண்டு பார்ட்டியும் என் வீட்டு வாசல்ல நிப்பாங்க" என்றார் அண்ணன். அந்த அட்டவணையில் ஆடி மாசம் இல்லை, மார்கழி இல்லை. அந்த மாசங்களில் இங்கே பலர் கிரயம் பண்ணமாட்டார்கள் என்பது அதை எழுதியவருக்குத் தெரிய வழியில்லை. அமாவாசை அன்று அட்வான்ஸ் கொடுக்க வருவார்கள் என்பதும்தான்.

இதைவிட எனக்கு உறுத்தியது அளவு. அண்ணன் என்னிடம் பேசும்போது குழிக்கணக்கில்தான் பேசுகிறார். ஒரு குழி 576 சதுர அடி, நூறு குழி ஒரு காணி. பத்திரத்தில் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ஆர் கணக்கு. கேமராவைப் பார்த்ததும் வாயில் சதுர அடியும் சென்ட்டும் வருகின்றன, குரலே மாறிவிடுகிறது, "மிக அருகாமையில்" என்கிறார். சாதாரணமாக அந்தச் சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. டீக்கடையில் அதே மனுஷர் ஒரு நிலத்தைப் பற்றி பத்து நிமிஷம் பேசுவார். யாருக்கு யார் வழியில் வந்தது, எந்தப் பக்கம் மடை, யார் குத்தகைக்கு ஓட்டினார்கள், கோர்ட்டில் என்ன நின்றது, கிணற்றுத் தண்ணீர் எப்போதிலிருந்து உப்பு கரிக்கிறது. நல்ல கதைசொல்லி. அவரிடம் இருக்கும் சரக்கு அந்தப் பேச்சுதான். அட்டவணை அதை முழுக்கத் துடைத்துவிட்டு ஊரில்லாத ஒரு குரலைக் கொடுக்கிறது.

அந்த டீக்கடைப் பேச்சுக்கு இந்த ஊரில் பழைய முன்னோடி ஒன்று உண்டு. பாகூர்ச் செப்பேடு, பல்லவன் நிருபதுங்கவர்மன் காலம், 9-ஆம் நூற்றாண்டு. பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, கல்லூரி என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்று ஊர்களைக் கொடுத்த ஆவணம். வடமொழிப் பகுதி அரசர் பரம்பரையைப் புகழ்கிறது, அதில் மிகைக்குப் பஞ்சமில்லை, டிரோன் ஷாட் என்றே சொல்லலாம். தமிழ்ப் பகுதி வந்ததும் மொழி தரைக்கு இறங்கி நான்கு எல்லையையும் சொல்லத் தொடங்கிவிடும். அந்தக் காலத்துச் சாசனங்களில் உடும்பு ஓடுவதும் ஆமை தவழ்வதும் வரை நிலத்தோடு சேர்த்துச் சொல்லும் வழக்கு உண்டு. ஆமை தவழ்கிற நிலம் என்றால் தண்ணீர் நிற்கும் நிலம். அதை மறைக்கவில்லை, சொத்தின் பகுதியாக எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்தில் என்ன இருக்கிறது, தண்ணீர் எப்படிப் போகிறது என்று சொல்லாமல் நிலத்தைச் சொல்லமுடியாது என்பது அன்றைய எழுத்தருக்குத் தெரிந்திருந்தது. ரீல்ஸில் பக்கத்து நிலம் வருவதே இல்லை. ஃபிரேம் வேலிக் கல்லோடு முடிந்துவிடும்.

பக்கத்து நிலம் இங்கே சின்ன விஷயமும் இல்லை. புதுச்சேரி மாவட்டம் ஒட்டாத துண்டுகளாகக் கிடக்கிறது. பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் பைக்கில் போனால் தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வரும். இந்தப் பக்கம் புதுச்சேரி நகரமைப்புக் குழுமம், பிபிஏ. அந்தப் பக்கம் டிடிசிபி. ரிஜிஸ்டர் ஆபீஸ் வேறு, ரேஷன் கார்டு வேறு. "பாண்டி சைட்" என்று வானூர்ப் பக்கத்து மனையைக் காட்டும் ரீல்ஸ் நிறைய. பார்ப்பவர் சென்னையிலோ துபாயிலோ இருந்தால், எந்த மாநிலத்தில் வாங்குகிறோம் என்பதே அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் தெரியவரும்.

சட்டம் இதை ஓரளவு யோசித்திருக்கிறது. 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், நம் கணக்கில் ஒன்பது குழிக்குக் கொஞ்சம் மேல், பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் விளம்பரத்தில் எடுப்பாகத் தெரியவேண்டும். அப்படிப்பட்ட மனைகளை விற்றுக்கொடுக்கும் தரகரும் பதிவு செய்யவேண்டும். விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு 12-ஆம் பிரிவில் இழப்பீடு உண்டு, வேண்டாம் என்று விலகினால் கட்டிய பணம் வட்டியோடு திரும்பவேண்டும். நான் பார்த்த ரீல்ஸ் பலவற்றில் எண்ணே இல்லை. இருந்தவற்றில் சிலதில் கடைசி விநாடியில் எறும்பு அளவில். "எடுப்பாக" என்றால் என்ன என்பதும் ஒரு அழகியல் கேள்விதான்.

அண்ணனுக்கு நான் வேறு அட்டவணை எழுதிக் கொடுத்தேன். தமிழ் மாசத்துக்கு ஒன்று, மொத்தம் பன்னிரண்டே பன்னிரண்டு. ஆடியில் விற்பனைப் பேச்சே வேண்டாம், வில்லங்கச் சான்றிதழை எப்படிப் படிப்பது என்று உட்கார்ந்து சொல்லுங்கள். தையில் அறுப்பு நடக்கும்போதே எடுத்து, இது இன்னும் வயல்தான் என்று சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் காலை அதே மனைக்குப் போய் முழங்கால் வரை பேண்ட்டை மடித்துவிட்டு நின்று எடுங்கள். தண்ணீர் எவ்வளவு, எத்தனை நாளில் வடியும், எந்தப் பக்கம் வடியும். குழியிலேயே சொல்லுங்கள். டீக்கடையில் பேசுகிற மாதிரியே பேசுங்கள்.

படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நல்லாதான் இருக்கு. லேஅவுட்காரன் பாத்தான்னா எனக்கு அடுத்த சைட் குடுக்க மாட்டானே?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. படமெடுப்பது தரகர், ஆனால் ஃபிரேமை வைப்பது அவர் இல்லை. கமிஷன்காரரை மட்டும் திட்டிவிட்டு இந்தக் கட்டுரையை முடித்திருந்தால் அது இந்த ரீல்ஸ் அளவுக்கே அரைகுறையாக இருந்திருக்கும். ஆடி மாசத்து ஐடியாவை மட்டும் எடுத்துக்கொண்டார். வில்லங்கச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, கூலிங் கிளாஸ் இல்லாமல், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். எடிட்டிங் மோசம், நடுவில் ஒரு ஆட்டோ ஹாரன். இரண்டு இடத்தில் "குழி" என்கிறார். கார்த்திகை வீடியோ பற்றிக் கேட்டால், பாக்கலாம் தம்பி, மழை வரட்டும் என்கிறார்.